சிப்பாய் எண்ட்கேமில் எஞ்சின் குழப்புகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில் விடை மூன்றே மூன்றுதான்: வெற்றி, தோல்வி, டிரா. "கொஞ்சம் நல்ல நிலை" என்று நடுவில் ஒன்று கிடையாது. ஆனால் செஸ் எஞ்சின், அதாவது ஆட்டத்தை ஆராயும் கணினி நிரல், பேசுவது எண்ணில். +0.7, +1.3, -2.1 என்று அது காட்டும் எண் நடு ஆட்டத்தில் நன்றாகவே உதவும். இங்கே பல நேரம் ஆளைக் குழப்பிவிடும். சமூக மன்றத்துக்கு ஆட வரும் பிள்ளைகளும் அவர்களை அழைத்து வரும் பெற்றோரும் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் கிளம்புகின்றன. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டையும் எல்லாரும் ஒருமுறை படித்துவிடுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

கட்டங்களை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்ற வரிசையிலும், வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையிலும் சொல்கிறேன். எஞ்சின் என்று நான் சொல்வது ஸ்டாக்ஃபிஷ். லீசெஸ் என்ற இணையச் செஸ் தளத்திலும் பல கைப்பேசிச் செயலிகளிலும் உள்ளே ஓடுவது அதுதான்.

"எண் +1-ஐச் சுற்றியே நிற்கிறது. ஜெயமா, டிராவா?"

முதலில் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பார்த்துவிடுவோம். முன்பெல்லாம் +1 என்றால் ஏறத்தாழ ஒரு சிப்பாய் அளவு மேலே என்று எடுத்துக்கொள்வோம். 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1-இலிருந்து கணக்கு மாறிவிட்டது. இப்போது +1 என்றால், அந்த நிலையிலிருந்து எஞ்சின் தன்னோடு தானே ஆடினால் மேலே உள்ள பக்கம் வெல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. சிப்பாய் எண்ட்கேமில் அப்படி ஒரு எண் வந்தால், எஞ்சின் இன்னும் முடிவைப் பார்க்கவில்லை என்று பொருள். அதைப் பிள்ளையிடம் "நீ நல்ல நிலையில்தான் இருந்தாய்" என்று சொல்லப் பயன்படுத்தாதீர்கள்.

சரி, என்ன செய்வது? பலகையில் உள்ள காய்களை எண்ணுங்கள், இரண்டு ராஜாக்களையும் சேர்த்து. ஏழு அல்லது அதற்குக் கீழே என்றால் எஞ்சினை விட்டுவிட்டு டேபிள்பேஸைக் கேளுங்கள். எஞ்சின் முன்னோக்கித் தேடி மதிப்பிடும். டேபிள்பேஸ் அப்படித் தேடுவதில்லை. செக்மேட் ஆன நிலைகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒவ்வொரு நிலைக்கும் விடையை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும். அதில் ஊகம் இல்லை. இன்று எல்லாரும் பயன்படுத்துவது ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிசிஜி டேபிள்பேஸ். ஆறு காய்கள் வரையிலான அட்டவணை 2013-இல் வந்தது. ஏழு காய்களுக்கானது 2018-இல் முழுமையடைந்தது. லீசெஸ் தளத்தின் பகுப்பாய்வுப் பலகையில் புத்தகம் போன்ற பொத்தானைத் தட்டினால், காய்கள் ஏழுக்குள் இருக்கும்போது ஒவ்வொரு நகர்வுக்கும் எதிரே வெற்றியா டிராவா தோல்வியா என்று வந்துவிடும். காசு கிடையாது.

எட்டு காய்களோ அதற்கு மேலோ இருந்தால் டேபிள்பேஸ் கைகொடுக்காது. அப்போது எஞ்சின் காட்டும் முதன்மை வரிசையை (இரு பக்கத்துக்கும் சிறந்தது என்று அது கருதும் நகர்வுத் தொடரை) பலகையில் ஒவ்வொன்றாக ஆடிக்கொண்டே போங்கள். எங்காவது சிப்பாய் வெட்டுப்பட்டு எண்ணிக்கை ஏழுக்கு இறங்கும். அங்கே நின்று டேபிள்பேஸைப் பாருங்கள். அது சொல்வதும் எஞ்சின் காட்டிய எண்ணும் ஒத்துப்போனால் நல்லது. முரண்பட்டால் அங்கிருந்து ஒவ்வொரு நகர்வாகப் பின்னால் வந்து, ஒவ்வொரு இடத்திலும் எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிடுங்கள். முடிவருகே கண்ட உண்மையை அது நினைவில் வைத்துக்கொண்டிருக்கும் என்பதால், தொடக்க நிலையை நோக்கி வரவர எண் தானாகத் திருந்தும். இப்படி முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வருவதுதான் சிப்பாய் எண்ட்கேமை எஞ்சினோடு ஆராய்வதில் பாதி வேலை. பொறுமை வேண்டும், ஆனால் பலன் நிச்சயம்.

"எஞ்சின் டிரா என்கிறது, கோச் ஜெயம் என்கிறார்"

பெரும்பாலும் இருவரும் சரி. நீங்கள் பலகையில் வைத்த நிலையில் யாருடைய முறை என்பதுதான் தப்பு.

நடு ஆட்டத்தில் முறை மாறினால் எண் சற்று ஏறி இறங்கும், அவ்வளவுதான். இங்கே முறை மாறினால் விடையே மாறிவிடும். இந்த நிலையை வைத்துப் பாருங்கள்: வெள்ளை ராஜா இ5, வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. வேறு எதுவும் இல்லை. கறுப்பின் முறை என்றால் வெள்ளை வெல்லும். கறுப்பு ராஜா டி7-க்கு விலகினால் வெள்ளை ராஜா எஃப்6-க்கு ஏறிவிடும். எஃப்7-க்கு விலகினால் டி6-க்கு. இ4 சிப்பாய்க்கு டி6, இ6, எஃப்6 மூன்றும் முக்கியக் கட்டங்கள். அவற்றில் ஒன்றில் வெள்ளை ராஜா கால் வைத்துவிட்டால், அதன் பிறகு யார் முறை என்றாலும் சிப்பாய் ராணியாகிவிடும்.

அதே நிலை, வெள்ளையின் முறை. இப்போது டிரா. ராஜா டி5-க்குப் போனால் கறுப்பு டி7-க்கு வந்து நேருக்கு நேர் நிற்கும். எஃப்5-க்குப் போனால் எஃப்7. சிப்பாயைத் தள்ளினாலும் இ6 வரை வந்து நின்றுவிடும், கறுப்பு ராஜா இ8-இல் நின்று காத்துக்கொள்ளும். ஆப்போசிஷன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோமே, அது இதுதான். நகர்த்த வேண்டிய கட்டாயம் யார் தலையில் விழுகிறதோ அவருக்கு நஷ்டம்.

நிலையைக் கையால் அடுக்கும்போது பலகைத் திருத்தி தானாகவே வெள்ளையின் முறை என்று வைத்துக்கொள்ளும். ஆட்டம் கறுப்பின் முறையில் நின்றிருந்தால் அதை நீங்கள்தான் மாற்ற வேண்டும். பலகையைப் படம் பிடித்து நிலையை எடுக்கும் செயலிகளிலும் இதே சிக்கல் உண்டு, ஏனென்றால் படத்தில் காய்கள் தெரியும், முறை தெரியாது. அதோடு பலகை தலைகீழாகப் பதிவாகிச் சிப்பாய்கள் எதிர்த்திசையில் போவதும் நடக்கும். முடிந்தவரை ஸ்கோர் ஷீட்டில் உள்ள எல்லா நகர்வுகளையும் முதலிலிருந்து ஏற்றுங்கள். முறை, திசை இரண்டும் தானாகச் சரியாகிவிடும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்கிறேன். எந்தச் சிப்பாய் எண்ட்கேமை ஆராய்ந்தாலும், முறையை வேண்டுமென்றே மாற்றி இரண்டாவது முறை விடை பாருங்கள். இரண்டு விடையும் ஒன்றே என்றால் அந்த நிலையில் அவசரம் இல்லை. நகர்த்த வேண்டியவருக்கே ஒவ்வொரு தடவையும் கெட்டது நடந்தால், அது சுக்ஸ்வாங். வெள்ளை ராஜா எஃப்5, சிப்பாய் இ4. கறுப்பு ராஜா டி4, சிப்பாய் இ5 என்று வைத்து முறையை மாற்றி மாற்றிப் பாருங்கள். யார் முறையோ அவர் தோற்பார். எஞ்சின் இதைத் தானாக வந்து சொல்லாது. நாம் கேட்டால்தான் தெரியும்.

"தொடர்ந்து ஐந்தாறு நகர்வுக்கும் 0.00 வருகிறது. அப்படியென்றால் எது ஆடினாலும் சரியா?"

சரி இல்லை. ஒரே வரிசையை மட்டும் காட்டும்படி எஞ்சினை விட்டிருந்தால், மேலே ஒரு 0.00 தெரியும், கீழே உள்ளவை எதுவும் தெரியாது. காட்டும் வரிசைகளின் எண்ணிக்கையை ஐந்துக்கு ஏற்றுங்கள். அமைப்புகளில் மல்டி பிவி என்றோ "வரிசைகள்" என்றோ இருக்கும். அப்போதுதான் எத்தனை நகர்வு விடையைக் காப்பாற்றுகிறது என்று தெரியும். ஒரே ஒரு நகர்வுதான் காப்பாற்றுகிறது என்றால், பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியது அந்த இடம். ஐந்தும் காப்பாற்றினால் அங்கே நேரம் செலவழிக்காமல் கடந்து போங்கள்.

இதற்கு ரிச்சர்ட் ரேட்டி 1921-இல் அமைத்த புதிரைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளையின் முறை. கறுப்புச் சிப்பாயை வெள்ளை ராஜாவால் எட்டிப் பிடிக்க முடியாது, தன் சிப்பாய்க்குத் துணையாகவும் போய்ச் சேர முடியாது. பார்த்தால் தோற்ற ஆட்டம். ஆனால் எஞ்சினைப் போட்டால் உடனே 0.00. பிள்ளைகள் பார்த்துவிட்டு "டிராவாம்" என்று நகர்ந்துவிடுவார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு நகர்வு: ராஜா ஜி7.

மெதுவாக ஆடிப் பாருங்கள். ராஜா ஜி7, சிப்பாய் எச்4. ராஜா எஃப்6. இப்போது கறுப்பு ராஜா சிப்பாயைப் பிடிக்க பி6-க்கு வந்தால், வெள்ளை ராஜா இ5. இங்கே நிறுத்துங்கள். கறுப்பு சி6 சிப்பாயை வெட்டினால், வெள்ளை ராஜா எஃப்4-க்கு வந்து எச் சிப்பாயைப் பிடித்துவிடும். வெட்டாமல் எச்3 தள்ளினால், வெள்ளை ராஜா டி6-க்குப் போய்த் தன் சிப்பாய்க்குத் துணை நிற்கும்; இருவருக்கும் ராணி, ஆட்டம் டிரா. குறுக்குச் சாய்வில் நடந்த ஒரே ராஜா ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்திருக்கிறது. முதல் நகர்வில் ஜி7-க்குப் பதில் ஜி8 அல்லது எச்7 என்று வைத்துப் பாருங்கள், வெள்ளை தோற்றுவிடும். டேபிள்பேஸ் பட்டியலில் அது பளிச்சென்று தெரியும். ஏன் அப்படி என்பதைப் பலகையில் விரலை வைத்துப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். எஞ்சினை அந்த நேரத்துக்கு மூடி வையுங்கள்.

"ராஜா அங்கும் இங்கும் உலாத்துகிறது, எஞ்சின் முன்னேறவே மாட்டேன் என்கிறது"

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். வெற்றி உண்மையிலேயே வெகு தூரத்தில் இருக்கலாம், அல்லது வெற்றியே இல்லாமல் இருக்கலாம். இரண்டும் திரையில் ஒரே மாதிரித் தெரியும் என்பதுதான் தொல்லை.

முதல் வகைக்கு 1901-இல் இமானுவேல் லாஸ்கரும் குஸ்டாவஸ் ரைக்கெல்மும் தந்த நிலையை எடுத்துக்கொள்வோம். வெள்ளை: ராஜா ஏ1, சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கறுப்பு: ராஜா ஏ7, சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. வெள்ளையின் முறை. மொத்தம் ஒன்பது காய்கள், ஆகவே டேபிள்பேஸ் உதவாது. எந்தச் சிப்பாயும் நகர முடியாது. இரண்டு ராஜாக்கள் மட்டும் தூரத்திலிருந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். வெள்ளை ராஜா இடப்பக்கம் பி5 வழியாகவோ, வலப்பக்கம் எச் வரிசையைச் சுற்றி ஜி5 வழியாகவோ உள்ளே நுழையப் பார்க்கும். கறுப்பு ராஜா இரண்டு வாசலையும் காக்க வேண்டும். வெள்ளை ராஜா நிற்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் கறுப்பு ராஜா நிற்க வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. வெல்லும் முதல் நகர்வு ராஜா பி1. பார்த்தால் ஒன்றுமே செய்யாத நகர்வு.

நிரல் எழுதுபவர்கள் இந்த நிலையைப் பல்லாண்டுகளாகத் தங்கள் எஞ்சினைச் சோதிக்கப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு நல்ல காரணம் உண்டு. 64 கட்டங்களில் ஏழில் சிப்பாய்கள் நிற்கின்றன. மீதி 57. இரண்டு ராஜாக்களும் அங்கே எப்படி நின்றாலும், யார் முறை என்பதையும் சேர்த்து, சிப்பாய் எதுவும் வெட்டுப்படாத வரை 57 × 56 × 2, அதாவது 6,384 நிலைகளுக்கு மேல் வரவே முடியாது. ஒரு எஞ்சினுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரே நிலைக்கு ஆயிரம் வழிகளில் வந்து சேரலாம். "இங்கே முன்பே வந்தோம், விடை இது" என்று எஞ்சின் நினைவில் வைத்திருந்தால் நிமிடத்தில் முடியும் வேலை, நினைவில்லாவிட்டால் முடிவே இல்லாமல் நீளும். அந்த நினைவுக்குப் பெயர்தான் ஹாஷ்: எஞ்சினின் குறிப்பேடு.

கணினியில் ஸ்டாக்ஃபிஷை நேரடியாக நிறுவினால் ஹாஷ் 16 மெகாபைட்தான் இருக்கும். அதை 512 அல்லது 1024-க்கு ஏற்றுங்கள். கைப்பேசியில் அவ்வளவு கொடுக்க முடியாது, ஆகவே இந்த மாதிரி நிலைக்குக் கணினியே நல்லது. அடுத்து, நேரம் கொடுங்கள். ஆழம் (எவ்வளவு தூரம் முன்னே தேடியது என்ற கணக்கு) 25 வந்ததும் நிறுத்திவிடாமல் முடிவில்லாப் பகுப்பாய்வில் விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். நிலையிலிருந்து முன்னே பின்னே போய்வரும்போது ஹாஷைக் காலி செய்யும் பொத்தானைத் தொடாதீர்கள்.

இரண்டாவது வகை, வெற்றியே இல்லாத நிலை. இதையும் பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளைச் சிப்பாய்கள் ஏ4, சி4, இ4, ஜி4, அவற்றின் பின்னால் சி3, இ3. கறுப்புச் சிப்பாய்கள் ஏ5, சி5, இ5, ஜி5. ராஜாக்கள் இ1, இ8. வெள்ளைக்கு இரண்டு சிப்பாய் கூடுதல். ஆனால் நான்காவது வரிசையில் பி4, டி4, எஃப்4, எச்4 எல்லாவற்றையும் கறுப்புச் சிப்பாய்கள் காக்கின்றன. மற்ற கட்டங்களில் வெள்ளையின் சொந்தச் சிப்பாய்களே நிற்கின்றன. வெள்ளை ராஜா மூன்றாவது வரிசையைத் தாண்டவே முடியாது. எந்தச் சிப்பாயும் நகராது, எதையும் வெட்டாது. ஆட்டம் அங்கேயே உறைந்துவிட்டது. இப்படிப்பட்ட பூட்டிய நிலையில் எஞ்சின் வெள்ளைக்குச் சாதகமான எண்ணைக் காட்டினால் அதை நம்ப வேண்டாம்.

எந்த வகை என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை: எஞ்சினின் வரிசையை இருபது முப்பது நகர்வு ஆட விடுங்கள். சிப்பாய் எதுவும் நகராமல் எண் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போனால் அது பூட்டிய நிலை. 50 நகர்வு விதி (சிப்பாய் நகர்வோ வெட்டோ இல்லாமல் 50 நகர்வு போனால் டிரா கேட்கலாம்) நெருங்க நெருங்க ஸ்டாக்ஃபிஷ் தன் மதிப்பீட்டைக் குறைத்துக்கொண்டே வரும். எண் எங்காவது சட்டென்று எகிறினால் அங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்த நகர்வுக்குப் போய் அங்கிருந்து பின்னால் வாருங்கள்.

"காய்களை மாற்றும் வரை எண் நன்றாக இருந்தது. மாற்றியதும் தோற்றுவிட்டோம்"

இதற்கு நம் ஊரிலேயே நடந்த உதாரணம் இருக்கிறது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரின் செந்தோசாவில் உலக சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம். சென்னையைச் சேர்ந்த குகேஷ் கறுப்பு, டிங் லிரென் வெள்ளை. இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு இரண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று. ஒன்பது காய்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் டிரா என்றே நினைத்திருந்தார்கள். 55-ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுபோய் மாற்ற முன்வந்தார். குகேஷ் யானையை வெட்டினார், டிங் ராஜாவால் திருப்பி வெட்டினார், உடனே குகேஷின் பிஷப் டி5-க்கு வந்தது.

அந்த பிஷப்பைக் கவனியுங்கள். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் நிற்கிறது. மூலையிலிருந்து அதற்கு இருக்கும் பாதை ஒரே ஒரு சாய்வுதான், அந்தப் பாதையின் மேலேயே டி5. ஓட இடம் இல்லை. பிஷப்களும் மாறின, ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சின. 58-ஆவது நகர்வில் வெள்ளை ராஜா இ3, கறுப்பு ராஜா இ5, நேருக்கு நேர், வெள்ளையின் முறை. டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். 7.5-6.5 என்ற கணக்கில் 18 வயது குகேஷ் உலக சாம்பியன் ஆனார்.

இதில் நமக்குத் தேவையான பாடம் காய் எண்ணிக்கையில் இருக்கிறது. மாற்றத்துக்கு முன் ஒன்பது, யானைகள் போனதும் ஏழு, பிஷப்களும் போனதும் ஐந்து. எஞ்சின் ஒன்பதில் எண்ணைச் சொல்லும், ஐந்தில் டேபிள்பேஸ் உண்மையைச் சொல்லும். உங்கள் பிள்ளையின் ஆட்டத்தில் காய்களை மாற்றும் வாய்ப்பு வந்த ஒவ்வொரு இடத்திலும், எல்லாம் மாறிய பிறகு மிஞ்சும் ராஜா-சிப்பாய் நிலையைத் தனியாகப் பலகையில் வையுங்கள். முறை யாருடையது என்று சரிபாருங்கள். விடை தெரிந்த பிறகு முந்தைய நிலைக்குத் திரும்பி, மாற்றலாமா கூடாதா என்று முடிவு செய்யுங்கள். ஆட்டத்தின்போது பிள்ளை மனதில் செய்ய வேண்டிய வேலையும் இதே வரிசையில்தான், ஆகவே வீட்டில் இப்படிப் பழகுவது நேராகப் பலகைக்குப் போய்ச் சேரும்.

"டேபிள்பேஸ் வெற்றி என்கிறது, ஆனால் அது சொல்லும் நகர்வு விசித்திரமாக இருக்கிறது"

சிசிஜி அட்டவணை அளப்பது செக்மேட்டுக்கு எத்தனை நகர்வு என்பதை அல்ல. அடுத்த வெட்டு அல்லது அடுத்த சிப்பாய் நகர்வு வரை எவ்வளவு தூரம் என்பதைத்தான், அதுவும் வெற்றி கைநழுவாமல். 50 நகர்வு விதிக்குள் வெற்றியை உறுதி செய்யவே இந்த ஏற்பாடு. அதனால் ராஜாவை முதலில் முன்னே கொண்டுபோவது இயல்பாக இருக்கும் இடத்தில்கூட அது சிப்பாயை முதலில் தள்ளச் சொல்லலாம். பயப்பட வேண்டாம். அந்தப் பட்டியலில் "வெற்றி" என்று இருக்கும் எந்த நகர்வும் வெற்றிதான். அவற்றில் பிள்ளைக்கு இயல்பாகத் தோன்றுவதைத் தேர்ந்தெடுத்து, அது விடையைக் காப்பாற்றுகிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொண்டே போங்கள்.

"மடிக்கணினியில் டேபிள்பேஸ் இறக்கிவைத்தேன், எந்த மாற்றமும் இல்லை"

எஞ்சினுக்கு இடம் காட்டவில்லை. அமைப்புகளில் சிசிஜி பாதை என்ற இடத்தில் கோப்புறையைக் குறிப்பிட வேண்டும். இரண்டு கோப்புறைகள் என்றால் விண்டோஸில் நடுவே அரைப்புள்ளி, மேக், லினக்ஸில் முக்காற்புள்ளி. ஒவ்வொரு அட்டவணைக்கும் இரண்டு கோப்புகள் உண்டு: ஒன்று விடைக்கு, மற்றது தூரத்துக்கு. மூன்று முதல் ஐந்து காய்கள் வரை மொத்தம் 290 கோப்புகள், ஏறத்தாழ ஒரு ஜிகாபைட். பாதி மட்டும் இறங்கியிருந்தாலும் வேலை அரைகுறையாகவே நடக்கும். ஓடும்போது டேபிள்பேஸைத் தொட்ட எண்ணிக்கையைப் பெரும்பாலான செயலிகள் ஓரத்தில் காட்டும். ஆறேழு காய் உள்ள நிலையிலும் அது பூஜ்யத்திலேயே நின்றால் பாதை தவறு.

ஆறு காய்களுக்கு ஏறத்தாழ 150 ஜிகாபைட், ஏழுக்கு 17 டெராபைட்டை ஒட்டி வரும். வீட்டுக்கு ஐந்து போதும், மிஞ்சியதற்கு இணையத்தைக் கேட்கலாம். பள்ளிப் பாடத்துக்கான மடிக்கணினியில் வெளி மென்பொருளை ஏற்ற அனுமதி இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் உலாவியில் லீசெஸே போதும், எதையும் நிறுவத் தேவையில்லை.

"என் கைப்பேசியில் ஒரு எண், நண்பனுடையதில் வேறு எண்"

பதிப்பு வேறாக இருக்கும், ஆழம் வேறாக இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் தேடல் இழை) ஓடினால் ஒரே கருவியில்கூட இரண்டு முறை இரண்டு எண் வரும். +4-உம் +6-உம் பற்றி வாதாட வேண்டாம். ஒன்று வெற்றி என்றும் மற்றது டிரா என்றும் சொன்னால் மட்டும், முதல் அறிகுறியில் சொன்னபடி ஏழு காய் வரை ஆடிப் பாருங்கள்.

"எஞ்சினோடு பார்க்கும்போது புரிகிறது, போட்டியில் மறந்துவிடுகிறது"

அம்பு காட்டிய வழியில் காயை நகர்த்தினால் கை பழகுமே தவிர மனம் பழகாது. எஞ்சினைத் திறப்பதற்கு முன் பிள்ளையை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: இந்த நிலையில் எனக்கு இருக்கும் நகர்வுகள் எவை, ஒவ்வொன்றுக்கும் விடை வெற்றியா டிராவா தோல்வியா. அதன் பிறகு டேபிள்பேஸைத் திறந்து ஒப்பிடட்டும். தவறான வரிக்கு நேரே, எதிராளி என்ன ஆடியிருப்பார் என்று ஒரே ஒரு நகர்வை எழுதினால் போதும். பிறகு அதே நிலையை ஒரு வரிசை இடமோ வலமோ தள்ளி வைத்து மீண்டும் கேளுங்கள். இ சிப்பாய்க்கு வென்ற அதே திட்டம் ஏ அல்லது எச் சிப்பாய்க்கு டிராவில் முடியும், ஏனென்றால் எதிர் ராஜா மூலைக்குள் புகுந்துவிட்டால் வெளியே இழுக்க வழி கிடையாது. எச் வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு சிப்பாய் இருந்தாலும் அதே கதைதான்.

அந்த நிலையிலிருந்தே எஞ்சினை எதிர்த்து ஆடிப் பார்க்கலாம், லீசெஸில் அதற்கும் வசதி இருக்கிறது. ஆனால் தோற்கும் பக்கத்தை எஞ்சினிடம் கொடுத்தால் அது நல்ல எதிராளியாக இருக்காது. எல்லா நகர்வும் தோல்வி என்று அதற்குத் தெரியும். மனிதனைத் தடுமாறச் செய்யும் நகர்வு எது என்று அது யோசிப்பதில்லை. ஆகவே வெல்லும் பக்கத்தை எஞ்சினிடம் கொடுத்து, டிரா ஆக்க வேண்டிய நிலைகளில் பிள்ளையைத் தற்காக்க விடுங்கள். வெல்ல வேண்டிய நிலைகளுக்கு எதிரே ஆள் வேண்டும். இணைப்பாட நடவடிக்கையில் உடன் ஆடும் மாணவர், மன்றத்து நண்பர், வீவக அடுக்குமாடிக் கீழ்த்தளக் கல்மேசையில் மாலையில் ஆடும் பெரியவர், யாராக இருந்தாலும் சரி. அவரிடம் தோற்கும் பக்கத்தைக் கொடுத்து, "மாமா, எப்படியாவது டிரா ஆக்கப் பாருங்கள்" என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். நகர்வுகளை எழுதிக்கொண்டு வந்து, வீட்டில் டேபிள்பேஸில் முதலிலிருந்து ஓட்டி, வெற்றி எந்த நகர்வில் டிராவாக மாறியது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது ராஜா ஒரு கட்டம் அவசரப்பட்ட இடமாக இருக்கும். அந்த நிலையை முறையோடு சேர்த்துக் குறித்து வைத்து, அடுத்த வாரம் அதே நபரோடு அங்கிருந்து தொடங்குங்கள்.